கீல் பூசிய வானம்

ஆம்புரோஸ் டக்வெல்லுக்கு வயிற்றில் என்ன கோளாறு என்று மூன்று வைத்தியர்கள் மூன்று விதமாகச் சொன்னார்கள். ஒருவர் பன்றிக்கறி ஆகாது என்றார். இன்னொருவர் பியரை நிறுத்து என்றார். மூன்றாமவர் அட்டை விட்டு ரத்தத்தை உறிஞ்ச வைத்தார். எல்லாம் தண்டம். அவனுக்கு இருந்தது நோய் அல்ல, எரிச்சல். அந்த எரிச்சலுக்குப் பெயர் லெமுவேல் ஹாடோ, குடியிருந்தது எதிர்வீட்டில்.

லண்டன் நகரமே அழிவுக்கு அலைந்த காலம் அது. பட்டணங்கள் எரிய வேண்டும், மலைகள் பிளக்க வேண்டும், ராஜாக்கள் சேனையோடு சமுத்திரத்தில் முழுக வேண்டும். அதை ஓவியமாகப் பெரிய துணியில் வரைந்து மாட்ட வேண்டும், ஜனங்கள் குடும்பத்தோடு போய் இஞ்சி ரொட்டியைக் கடித்துக்கொண்டே பார்க்க வேண்டும். சோதோம் எரிகிற படத்துக்கு முன்னால் நின்று கல்யாணம் பேசி முடித்தவர்கள்கூட உண்டு. இந்த வியாபாரத்தில் பல வருஷம் டக்வெல்தான் ராஜா. பூமி வாயைத் திறந்து, மோசேயை எதிர்த்த கோராகையும் அவன் கூட்டத்தையும் விழுங்குகிற படத்தை அவன் மாட்டியபோது இரண்டு பெண்கள் மயங்கி விழுந்தார்கள். அதில் ஒருத்தி மயங்கியது இடுப்புக் கச்சையை இறுக்கிக் கட்டியதால் என்று வயிற்றெரிச்சல்காரர்கள் சொன்னார்கள். வயிற்றெரிச்சல் என்றால் என்ன என்று அப்போது டக்வெல்லுக்குத் தெரியாது.

அப்புறம்தான் வடக்கே நியூகாசிலிலிருந்து ஹாடோ வந்தான். கோச்சு வண்டிக் கதவுகளில் பிரபுக்களின் குலச்சின்னம் எழுதிப் பிழைத்தவன். பெரிய மனிதர் வீட்டில் எந்தக் கரண்டியை எடுப்பது என்று தெரியாது, பேசினால் பாதி புரியாது. ஆனால் கை இருக்கிறதே, அந்தக் கையை என்ன சொல்ல! முதல் வருஷம் ஓர் எரிமலை. அடுத்த வருஷம் எகிப்தின் மேல் பெய்த கல்மழை. பார்த்தவர்கள் குடையைத் தேடினார்கள். மூன்றாம் வருஷம் டக்வெல் வீட்டுக்கு எதிரிலேயே வாடகைக்கு வந்துவிட்டான். தெருவில் பார்த்தால் தொப்பியைக் கழற்றிவிடுவான். "அண்ணே, உங்க கோராகு படத்தைப் பாத்த அன்னிக்குத்தான் வண்டி வேலையை விட்டேன்" என்பான். மனசாரச் சொல்வான், அதுதான் கொடுமை. அயோக்கியனாக இருந்தால் நிம்மதியாக வெறுத்துவிட்டுப் போகலாம். இவனை வெறுப்பதற்குத் தினமும் பாடுபட வேண்டியிருந்தது.

டக்வெல் பாடுபட்டான். மாடி ஜன்னலில் தூரிகையோடு நின்று எதிர்வீட்டு வாசலில் எத்தனை வண்டி வருகிறது என்று எண்ணினான். கறுப்புக் குதிரை பூட்டிய வண்டி போன வருஷம் தன் வாசலில் நின்ற வண்டி. பச்சைச் சக்கர வண்டி எந்தப் பிரபுவுடையது என்றும் அவனுக்குத் தெரியும். வரைய வேண்டிய வெளிச்சம் எல்லாம் வண்டி எண்ணுவதில் போயிற்று.

இத்தனைக்கும் அவனுக்குப் பிரபுக்கள் பெரிதல்ல. பத்திரிகைகள்கூடப் பெரிதல்ல. அவனுக்கு வேண்டியது ஒரே ஒருத்தியின் ஒரு வார்த்தை. அவள் அவன் மனைவி திர்ஸா. மருந்துக்கடைக்காரர் மகள். அவன் வர்ணங்களை அரைப்பதும் எண்ணெய் காய்ச்சுவதும் அவள்தான். படத்தைப் பற்றி அதிகம் பேச மாட்டாள். பேசினால் அதற்கு மேல்முறையீடு கிடையாது. கோராகு படம் முடிந்த அன்று அவள் ஏறிட்டுப் பார்த்துவிட்டு, "என்னால பாக்க முடியலைங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கண்ணில் நீர். அதுதான் அவன் வாழ்நாளில் வாங்கிய பரிசு. அதன் பிறகு ஆறு வருஷமாக அவள் எதற்கும் முகத்தைத் திருப்பவில்லை. இந்த வருஷம் எரிகோவின் மதில் விழுகிற படத்தை எழுதிக்கொண்டிருந்தான். அதைப் பார்த்து அவள் சொன்னது இவ்வளவுதான்: "மதில் நல்லா விழுதுங்க. யார் மேலயும் விழல."

அந்த மதிலில் நாற்பத்தோராயிரம் கல்லை அவன் கணக்குப் போட்டு எழுதியிருந்தான்!

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை ஹாடோ கதவைத் தட்டினான். திர்ஸா ஊரில் இல்லை. டெப்ட்ஃபோர்டில் தங்கைக்குப் பிரசவம், இரண்டு வாரம் அங்கேயே இருந்தாள். டக்வெல் தானே தேநீர் போட்டான், வாயில் வைக்க விளங்காத தேநீர். ஹாடோ அதை நன்றாக இருப்பதாகச் சொல்லிக் குடித்தான்.

"அண்ணே, ஒரு உதவி. நான் இந்தத் தடவை ஜலப்பிரளயம் எழுதறேன்."

"கேள்விப்பட்டேன்" என்றான் டக்வெல். கேள்விப்படாமலா! எதிர்வீட்டு வேலைக்காரியிடம் வாரம் ஒரு தடவை விசாரிக்கிறவன் ஆயிற்றே.

"வானம் வரமாட்டேங்குது. கறுப்பு அடிச்சா கரித்தூள் அப்பின மாதிரி செத்துக் கெடக்கு. உங்க கோராகு படத்துல அந்தக் குழி இருக்கே, ஈரமா, ஆழமா... உள்ள கையை விட்டா முழங்கை வரைக்கும் போயிடும்போல. அது எப்படிண்ணே?"

ஓவியர்கள் தங்கள் கலவையைச் சொல்ல மாட்டார்கள். மனைவியின் வயதைக் கேட்டால்கூடச் சொல்வார்கள், இதைச் சொல்ல மாட்டார்கள். டக்வெல் சொன்னான்.

"கீல். நிலக்கீல். நோவா பேழைக்குப் பூசினானே, அதுதான். எண்ணெயில போட்டுக் காய்ச்சணும்."

"கீலா!" ஹாடோ தொடையில் தட்டிக்கொண்டான். "பிரளயத்துக்குக் கீலையே பூசினா எவ்வளவு பொருத்தம்! வானம் முழுக்கப் போடலாமாண்ணே?"

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். டக்வெல்லுக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். கீல் காயாது. வெண்ணெய்போல வழவழவென்று பரவும், அப்படி ஒரு இருட்டைக் கொடுக்கும், கண் சொக்கிவிடும். ஆனால் காயவே காயாது. வெயில் கண்டால் இளகும், இறங்கும். கோராகு படத்தில் அந்தக் குழி இரண்டு சாண் இடம். அதிலும் திர்ஸா மெல்லிய துணியால் ஒற்றி ஒற்றி, நகத்தின் கனம்கூட வராமல் ஒரே ஒரு பூச்சு பூசச் சொல்லி, ஒன்பது வாரம் தொடவிடாமல் வைத்திருந்தாள். வானம் முழுக்கக் கீலைப் பூசுவதும் அடுப்புக்குப் பக்கத்தில் வெண்ணெயால் வீடு கட்டுவதும் ஒன்றுதான்.

"தாராளமாப் போடலாம்" என்றான் டக்வெல்.

"கனமா?"

"எவ்வளவு கனமோ அவ்வளவு இருட்டு."

அதில் பொய் இல்லை பாருங்கள்! பிறகு மூன்று மாதம் அதையேதான் தனக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். ஹாடோ எழுந்து அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். "வேற ஒருத்தனும் சொல்லியிருக்க மாட்டான்ணே" என்றான். அவன் போனதும் டக்வெல் மாடிக்கு ஏறிப் போய், எரிகோவின் மதிலில் இன்னும் முப்பது கல் எழுதினான். அன்று வயிறு எரியவில்லை.

மே மாதம் முதல் திங்கட்கிழமை கண்காட்சி திறந்தது. பெரிய கூடம், கூரையில் கண்ணாடி, ஒரே சுவரில் பக்கத்தில் பக்கத்தில் எரிகோவும் பிரளயமும். மாட்டியவன் யாரோ, டக்வெல்லின் ஜென்ம விரோதியாகத்தான் இருக்க வேண்டும்.

பிரளயத்தைப் பார்த்ததும் டக்வெல் அங்கேயே நின்றுவிட்டான். படத்தின் மேல்பாதி முழுக்க வானம். அது வானமா? பகலை ஒரேயடியாகப் புதைத்துவிட்ட குழி. கீழே கடைசி மலைகள், அதில் ஏறுகிற ஜனங்கள், யானைகள், ஒரு வெள்ளைக் குதிரை. அதற்கும் கீழே, நடுவில் தனியாக ஒரு பாறை. பாறைமேல் ஒரு பெண், இரண்டு கையாலும் குழந்தையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருக்கிறாள். எங்கே தூக்குகிறாள்? அந்த வானத்துக்குத்தான். அதைவிட்டால் தூக்குவதற்கு வேறு இடம் இல்லை.

திர்ஸா கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. முகத்தைத் திருப்பிக்கொண்டு, "என்னால முடியலைங்க, வாங்க போலாம்" என்றாள்.

ஆறு வருஷம்! ஆறு வருஷமாக எந்த வார்த்தைக்காக அவன் கல் கல்லாக எழுதினானோ, அந்த வார்த்தையை அவள் ஒரு வண்டிக் கதவுக்காரனுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். அவள் கையைப் பிடித்து இழுக்காத குறையாக எரிகோவின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சட்டம் நல்லா அமைஞ்சிருக்குங்க" என்றாள். சட்டம்! மரச்சட்டம்!

வெளியே வரும்போது அவள் மூக்கைச் சுருக்கினாள். "கீல் வாசனை வரல?"

"புது வார்னிஷ்" என்றான் டக்வெல். வெயில் வரட்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டான். வரட்டும், வரட்டும்.

வந்தது. லண்டன் காணாத வெயில். கூரைக் கண்ணாடி வழியே சூரியன் நேராக அந்தச் சுவரில் இறங்கிற்று, கீழே ஆயிரம் பேருடைய உடம்புச் சூடு வேறு. மூன்றாவது வாரம் டக்வெல் பூதக்கண்ணாடியோடு போய்ப் பார்த்தான். வானத்தின் கீழ் ஓரத்தில் ஒரு சின்ன நாக்கு, கறுப்பாக, பளபளவென்று. மலை உச்சியை நக்கிக்கொண்டிருந்தது. அவனுக்கு மனசெல்லாம் குளிர்ந்தது. அன்று பன்றிக்கறியும் தின்றான், பியரும் குடித்தான். ஒன்றும் செய்யவில்லை.

இனி என்ன நடக்கும்? படம் பாழாகும், ஜனங்கள் சிரிப்பார்கள், ஹாடோ மூட்டையைக் கட்டுவான். அப்படித்தானே நினைப்போம்? அவனும் அப்படித்தான் நினைத்தான்.

ஒரு வாரம் கழித்துச் சவரத்துக்குப் போனான். நாவிதர் டுவெல்வ்ட்ரீஸ் முகமெல்லாம் சோப்பு நுரையைப் பூசி, கத்தியைத் தொண்டையில் வைத்துவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பிப்பார்.

"வெள்ளைக் குதிரை போயிடுச்சு சார்!"

"எந்தக் குதிரை?"

"அசையாதீங்க. பிரளயத்துல சார்! திங்கக்கிழமை கழுத்து வரைக்கும் இருந்துச்சு. நேத்துப் பாத்தேன், ஆளையே காணோம். இருட்டு எறங்கி முழுங்கிடுச்சு. என் வீட்டுக்காரி யானை மேல பந்தயம் கட்டியிருக்கா, நான் மலை உச்சியில நிக்கிற ஒரு கெழவன் மேல. ஊரே கட்டியிருக்கு. சார், ஒரு படம் நடக்குது சார்! தெனம் நடக்குது! நீங்களும்தான் இத்தனை வருசமா எழுதறீங்க, உங்க மதிலு ஒரு கல்லாவது எறங்கியிருக்கா?"

தொண்டையில் கத்தி. டக்வெல் கண்ணை மூடிக்கொண்டான்.

உண்மைதான். கண்காட்சி வாசலில் வரிசை தெருமுனையைத் தாண்டிற்று. முன்பு ஒரு தடவை பார்த்தவர்கள் இப்போது வாரம் ஒரு தடவை வந்தார்கள், யார் போனார்கள், யார் இருக்கிறார்கள் என்று பார்க்க. ஒரு சபைப் போதகர் படத்துக்கு முன்னால் பெஞ்சியில் ஏறி மனந்திரும்பச் சொன்னார், பதினாறு பேர் அங்கேயே திரும்பினார்கள். ஜனங்கள் முட்டித் தள்ளியதால் படத்துக்கு முன்னால் கம்பித் தடுப்பு போட்டார்கள். இடம் பற்றாமல் போனவர்கள் எரிகோவின் சட்டத்தில் சாய்ந்துகொண்டார்கள். ஒருவன் தொப்பியைக்கூட மாட்டினான்.

கெடுவான் கேடு நினைப்பான் என்பார்கள். இவன் நினைத்த கேடு எதிர்வீட்டில் போய்ப் பவுனாகக் கொட்டியது. ராத்திரி படுத்தால் தூக்கமில்லை, பகலில் ஜன்னலை விட்டு நகரவில்லை. பச்சைச் சக்கர வண்டி இப்போது தினமும் வந்தது.

ஜூன் மாதம் ஒரு மத்தியானம், காப்பிக்கடையில் ஹாடோ வந்து எதிரில் உட்கார்ந்தான். இளைத்திருந்தான். தொப்பியைக் கழற்றக்கூட மறந்துவிட்டான்.

"அண்ணே, அதை எப்படி நிறுத்தறது?"

"எதை?"

"வானத்தை. உங்க குழி ஒழுகலையே, ஏதோ வழி இருக்கணுமே. கண்காட்சி நடத்துற ஓவியக் கழகத்துக் காரியதரிசி காலைப் பிடிக்காத குறையாக் கேட்டேன், படத்தை எறக்கிக் குடுங்கன்னு. கண்காட்சி முடியிற வரைக்கும் ஒரு படமும் கூடத்தை விட்டுப் போகக் கூடாது, அதான் விதிங்கறார். முடிய இன்னும் அஞ்சு வாரம் இருக்கு."

"கூட்டம் வருதேய்யா. உனக்கென்ன கொறைச்சல்? ஊரே உன் பேர்தானே சொல்லுது."

"பேரை வெச்சு என்ன பண்ண?" ஹாடோ மேசையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "பாறை மேல நிக்கிறவ செலினா. என் பெண்டாட்டி. நான் லண்டனுக்கு வர்றதுக்கு முந்தின டிசம்பர்ல போனா, புள்ளையும் அவளோடயே போச்சு. வண்டிக்கு வர்ணம் அடிச்சிட்டிருந்தவன், அவளை உக்கார வெச்சு ஒரு படம் எழுத எனக்கு எங்க நேரம்? நெனப்புல இருந்த முகத்தை இதுல மட்டும்தான் எழுதி வெச்சேன். வேற எங்கயும் இல்லண்ணே. இருட்டுக்கும் அந்தப் புள்ளை தலைக்கும் நடுவுல ரெண்டு விரக்கடைதான் இருக்கு."

மனிதனாகப் பிறந்தவன் எவனும் இதைக் கேட்டு இளகியிருப்பான். டக்வெல்லும் ஒரு கணம் இளகினான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்த கணமே உள்ளே இருந்த அந்தக் கரி கனன்றது. அப்படியா சங்கதி! திர்ஸா அழுதது இதற்காகத்தானா? இவனுக்குச் செத்துப்போன பெண்டாட்டிகூட உதவிக்கு வருகிறாள். என் பக்கம் யார் வருகிறார்கள்? நாற்பத்தோராயிரம் கல்!

"ஒண்ணும் பண்ண முடியாது" என்றான். "அது அப்படித்தான். எறங்க ஆரம்பிச்சா எறங்கிக்கிட்டேதான் இருக்கும்."

வழி இருந்தது. அவனுக்குத் தெரியும். தெரிந்தே காப்பியை முழுக்கக் குடித்துவிட்டு எழுந்து போனான்.

அந்தச் சனிக்கிழமை திர்ஸா மறுபடியும் போக வேண்டும் என்றாள். "கீழ்வீட்டம்மா என்னென்னவோ சொல்றாங்க, வானம் நகருதாம். அப்படி எப்படிங்க நகரும்?" என்றாள். அவன் தலைவலி என்றான். "அப்போ நான் மட்டும் போறேன்" என்றாள். தனியாக விடப் பயந்து கூடவே போனான்.

கூடத்தில் எள் போட்டால் எள் விழாது. கீல் வாசனை வாசலிலேயே அடித்தது. திர்ஸா கூட்டத்தை விலக்கிக்கொண்டு கம்பித் தடுப்பு வரைக்கும் போனாள். யானைகள் போய்விட்டன. மலைகளும் போய்விட்டன. பாறையும் அந்தப் பெண்ணும்தான் மிச்சம். குழந்தையின் தலைக்கு மேல் ஒரு விரற்கடை இடம் இருந்தது. தடுப்புக்கு அந்தப் பக்கம் சுவரோரமாக ஹாடோ நின்றான், காவல் நிற்கிறவன் மாதிரி.

பக்கத்தில் தங்கப் பிடி போட்ட கைத்தடியோடு ஓர் உயர்ந்த கனவான் தன் நண்பர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன மூளை பாருங்க! எந்த மாச வெயிலுக்கு எவ்வளவு எறங்கணும்னு முன்கூட்டியே கணக்குப் போட்டு வெச்சிருக்கான். ஐரோப்பாவுல ஒருத்தனுக்கு இது தோணலையே! கறுப்பையே நடிக்க வெச்சுட்டான். இந்த நூற்றாண்டுல இதுதான்யா படம். மத்ததெல்லாம் சும்மா சுவருக்கு வெள்ளை அடிச்சது."

டக்வெல்லுக்குக் கோபம் உச்சந்தலையில் ஏறியது. கணக்காம்! ஹாடோ போட்ட கணக்காம்! நெஞ்சுக்குள் நாலு மாதமாகப் பூட்டி வைத்திருந்ததெல்லாம் ஒரே மூச்சில் வாய்க்கு வந்துவிட்டது.

"அவன் எங்கய்யா கணக்குப் போட்டான்? போட்டது நான்!"

நாலு பேர் திரும்பினார்கள். அவன் நிறுத்தவில்லை.

"கீலைப் பூசுன்னு சொன்னது நான்! கனமாப் பூசுன்னு சொன்னது நான்! அது காயாது, வெயில்ல எறங்கும்னு எனக்குத் தெரியும், தெரிஞ்சேதான் சொன்னேன். அந்த மடையனுக்கு என்ன தெரியும், வண்டிக் கதவுக்கு வர்ணம் அடிச்ச பயல்! இந்த வானம் எறங்குதே, இது என் வேலை! என் வேலை!"

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது: "அப்போ செங்கடலைப் பொளந்தது நான்தான்!"

கூடமே சிரித்தது. கனவான் கைத்தடியைத் தரையில் தட்டித் தட்டிச் சிரித்தார். "நல்ல படம் ஒண்ணு வந்துட்டா அப்பன்மாருங்க நெறையப் பேர் வந்துடறாங்க" என்றார். கூட்டத்துக்குள்ளிருந்து டுவெல்வ்ட்ரீஸ், "சிரிக்காதீங்க, பாவம், ரெண்டு வாரமாவே அவருக்கு உடம்பு சரியில்ல. வெயில் தாங்கல" என்று பரிந்து பேசினார். தன் அயோக்கியத்தனத்தைக்கூட ஒருவரும் நம்ப மாட்டேன் என்கிறார்களே என்று டக்வெல்லுக்கு அழுகை வந்தது.

"சத்தியமாச் சொல்றேன்யா! பிப்ரவரியில, என் வீட்டுல வெச்சு... ஹாடோ, சொல்லு! நீயே சொல்லு!"

ஹாடோ கம்பியைத் தாண்டி வந்தான். முகத்தில் ரத்தம் இல்லை. அவனுக்குப் புரிந்துவிட்டது என்பது டக்வெல்லுக்குத் தெரிந்தது. காப்பிக்கடையில் முழுக்கக் குடித்த காப்பி உட்பட எல்லாமே புரிந்துவிட்டது. அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அப்போது டக்வெல்லின் பின்னால் நின்ற திர்ஸாவைப் பார்த்தான். வேறு ஒன்றைச் சொன்னான்.

"இவர் மேல தப்பில்லைங்க. இவர் அளவாப் பூசத்தான் சொன்னார். நான்தான் ஆசைப்பட்டு அள்ளிப் பூசிட்டேன். அண்ணே, வாங்க, அந்தப் பெஞ்சியில உக்காருங்க."

நல்லவனாக இருப்பதிலும் அவன்தான் ஜெயித்தான்! டக்வெல்லுக்கு அந்த நிமிஷத்தில் தோன்றியது அதுதான், வெட்கம்கூட அதற்கு அப்புறம்தான் வந்தது.

திர்ஸா இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள். "மிஸ்டர் ஹாடோ, எத்தனை பூச்சு?"

"நாலும்மா."

"முழுக்கப் போடலாமான்னு இவரைக் கேட்டீங்களா?"

"கேக்கல."

"பொய் சொல்ல வராதவங்க அதுக்கு ஆசைப்படக் கூடாது" என்றாள். பிறகு கணவனைப் பார்த்தாள். "நான் டெப்ட்ஃபோர்டுல இருந்தப்பவா?"

டக்வெல் ஆமாம் என்று தலையை ஆட்டினான். இந்த இடத்திலாவது மனிதன் சும்மா இருந்திருக்கலாம். இருந்தானா? அவள் கையைப் பிடித்துக்கொண்டு, குழந்தை மாதிரிக் கெஞ்சினான்.

"ஆனா பாத்தியா திர்ஸா, எப்படி இருக்கு அந்தக் கறுப்பு! நீ அழுதியே, முகத்தைத் திருப்பிக்கிட்டியே, அது எனக்கு வரவேண்டியது. அது என் கறுப்பு."

"நான் கறுப்பைப் பாத்து அழலைங்க" என்றாள் திர்ஸா. "அந்தப் பொண்ணைப் பாத்து அழுதேன்."

கையை விடுவித்துக்கொண்டாள். சத்தம் கேட்டு வந்து நின்ற காரியதரிசியிடம் திரும்பினாள். அவர் கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டார்.

"ஐயா, படம் கூடத்தை விட்டுப் போகக் கூடாதுன்னுதானே விதி?"

"ஆமாம் அம்மா. விதின்னா விதி."

"தலைகீழா மாட்டக் கூடாதுன்னு இருக்கா?"

காரியதரிசி யோசித்தார். விதிப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லிப் புரட்டியே பார்த்தார். அப்படி ஒரு விதி எழுத வேண்டும் என்று எந்த முட்டாளுக்கும் தோன்றியிருக்கவில்லை.

"அப்போ திருப்பி மாட்டுங்க. வந்த வழியே அது போகும். இன்னிக்கே கூரைக் கண்ணாடியைத் துணி போட்டு மூடுங்க. நான் திங்கக்கிழமை துணியும் எண்ணெயும் கொண்டுவந்து கொஞ்சம் கொஞ்சமா ஒற்றி எடுக்கறேன். எங்க வீட்டுல இதை நான் பண்ணியிருக்கேன்." ஹாடோவைப் பார்த்து, "அந்தப் பொண்ணுக்கும் புள்ளைக்கும் ஒண்ணும் ஆகாது" என்றாள்.

ஹாடோ சுவரில் சாய்ந்து முகத்தை மூடிக்கொண்டான்.

"ஐயோ, யானை மேல கட்டின பந்தயம் என்னாவறது?" என்று ஒருவன் கத்தினான். யாரோ அவனை அடக்கினார்கள். பெரிய படம், கனத்த சட்டம், நாலு மூலைக்கும் நாலு ஆள் வேண்டும். ஹாடோ ஒரு மூலையைப் பிடித்தான். கூடத்துக் காவலாளி ஒரு மூலை. டுவெல்வ்ட்ரீஸ் கோட்டைக் கழற்றிவிட்டு வந்து மூன்றாவதைப் பிடித்தார். நாலாவது மூலை டக்வெல் நின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. அவன் குனிந்து அதைப் பிடித்தான்.

"நீங்க தொட வேண்டாம்" என்றாள் திர்ஸா.

சத்தமாகச் சொல்லவில்லை. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பதினெட்டு வருஷமாக அவன் தூரிகையைக் கழுவிக் கொடுத்த கையால் அந்த மூலையைப் பிடித்துக்கொண்டு, அவன் தள்ளி நிற்பதற்காகக் காத்திருந்தாள். டக்வெல் கையை எடுத்துக்கொண்டான்.